கிராணி தேடிப் போன ஆந்தை

இன்று புக்கிட் ரோத்தான் பஸ்ஸில் எங்கள் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஏறினார். கழுத்தில் புத்தம்புது பைனாகுலர்.

"கோலசிலாங்கூர்ல புதுசா பூங்கா திறந்திருக்காங்க லா. பறவை பாக்கப் போறேன்" என்றார்.

"என்ன பறவைங்கய்யா?" என்று கேட்டேன்.

"கொக்கு, மீன்கொத்தி. ஆந்தைகூட இருக்காம்பா. ஒண்ணாவது பாத்துடணும்."

செம்பனைப் பழம் தின்னும் எலிகளைப் பிடிக்கட்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரை, கிராணியின் வீட்டுக்குப் பின்னால் ஆந்தைப் பெட்டி வைத்திருந்தார். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று, போன வாரம்தான் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரை ஏவி அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டார் இதே கிராணி. இப்போது எலிகள் கூலியாட்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்து அரிசி மூட்டையில் குடியிருக்கின்றன.

விரட்டிய ஆந்தையைப் பஸ் ஏறித் தேடிப் போகிறார். சீக்கிரம் கண்ணில் படவேண்டும் என்று நீங்களும் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.