அப்பா தூக்கிய ஐந்து கிலோ

வீடியோ கேசட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது டெக்கு லேசாக முனகும். திரை கொஞ்ச நேரம் நீலமாகக் கிடக்கும். பிறகு இசை. அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர் கால்களை அகட்டி நின்று, கைப்பிடி வைத்த ஓர் இரும்புக் குண்டை இரண்டு கைகளாலும் பிடித்து, தொடைகளுக்கு நடுவே பின்னால் விட்டு, ஒரே வீச்சில் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவருவார். டிவிக்கு எதிரே என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பனியனோடு நிற்பார். அந்த மாதிரிக் குண்டு எங்கள் பக்கம் கிடைக்காது. அதனால் மண்டியிலிருந்து கொண்டுவந்த ஐந்து கிலோ எடைக்கல்லை, அதன் தலையில் இருந்த இரும்பு வளையத்தைப் பிடித்து, அதேபோல வீசுவார். எண்பதுகளின் நடுவில் கடத்தூரில் எங்கள் வீட்டுக் காலைகள் இப்படித்தான் தொடங்கின. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புதான் வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சில் ஏதோ உறுத்தத் தொடங்கிவிடுகிறது.

அப்பாவுக்குப் புளி மண்டி. நாள் முழுக்கத் திண்டில் சாய்ந்தபடி விலை பேசும் வேலை. சர்க்கரை வந்ததும் தருமபுரி டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அப்பாவுக்கு அது கூச்சமாக இருந்தது. "வேல வெட்டி இல்லாம ரோட்டுல நடந்தா, மண்டி நொடிச்சுப் போச்சான்னு கேப்பானுங்க" என்று சொல்லித் தட்டிக்கழித்தார். வளைகுடாவில் வேலை பார்த்த அண்ணன் முதல் விடுமுறைக்கு வந்தபோது கலர் டிவியும் டெக்கும் கொண்டுவந்தான். கூடவே அந்த உடற்பயிற்சிக் கேசட்டும். "வூட்டுக்குள்ளயே பண்ணுங்கப்பா. கதவச் சாத்திக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அவரு பண்றத அப்படியே பாத்துப் பண்ணுனாப் போதும்" என்றான். அவனுக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா மறுபடியும் கேட்டாள். ஸ்டோர் கீப்பர், ஏசி ரூம், உட்கார்ந்த இடத்தில் வேலை என்று மறுபடியும் சொன்னான். "அப்ப நீயும் இதப் பாத்துப் பண்ணுடா. இல்லீன்னா என்னாட்டம் தொப்ப வெச்சிரும்" என்றார் அப்பா. அண்ணன் குனிந்துகொண்டு சிரித்தான்.

அவன் திரும்பிப் போன பிறகு டெக்கை இயக்குவது என் பொறுப்பு ஆயிற்று. பன்னிரண்டாவது முடித்துவிட்டு மாப்பிள்ளை வரக் காத்திருந்த காலம் அது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் திரையில் இருந்தவரை வாத்தியார் என்றுதான் சொல்வார். அவர் 'குட்' என்று பாராட்டும்போதெல்லாம், அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே "சரிங்க" என்று பதில் சொல்வார். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று, அரைக்கால் சட்டையைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் அப்பா முதுகை வளைத்தால், "அவரு நிமுந்து நிக்கறாரு, நீங்கதான் கூன் போடறீங்க" என்று சரியாகச் சொல்லிவிடுவாள். வீச்சின் நடுவில் கரண்ட் போய்விட்டால் மூவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். கொஞ்ச நாளில் நானும் ஒரு இரண்டு கிலோ கல்லை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவருடைய தொப்பை கரைந்தது, சர்க்கரை இறங்கியது. டாக்டரே வியந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "பையன் அனுப்புன வாத்தியாருங்க" என்றார் அப்பா.

அப்படி ஒரு காலையில் கம்பைநல்லூர்க்காரர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அண்ணன் வேலை பார்த்த இடத்திலேயே இருப்பவர், விடுமுறையில் வந்தவர், அவனுடைய பார்சலைக் கொடுக்க வந்திருந்தார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பெருமையோடு அதைக் காட்டி, தானும் நாலு வீச்சு வீசிக் காட்டினார். வந்தவர் கள்ளமில்லாமல் சிரித்தார்.

"இந்தக் கல்லுக்கே இப்படி மூச்சு வாங்குதுங்களா? உங்க பையன் சிமெண்டு மூட்டைய ரெண்டு ரெண்டா அடுக்கித் தூக்குறாப்லங்க. முதுவு புடிச்சிக்கிச்சுன்னு பெல்ட்டக் கட்டிக்கிட்டுக்கூட லீவு போடறதில்லீங்க. தங்கச்சி கல்யாணம் முடியோணும்னு ஒரே வைராக்கியம்."

அப்பா கல்லை மெதுவாகத் தரையில் வைத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தெரியும். ஆனால் என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. எங்களுக்கு இது தெரியாது என்பது வந்தவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தார். திரையில் வாத்தியார் மட்டும் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் டெக்கைப் போட்டபோது, "அணைச்சிடு கண்ணு" என்றார் அப்பா. "அவன் அங்க சோத்துக்குத் தூக்குறான். நான் இங்க தின்ன சோறு செரிக்கறதுக்குத் தூக்கறனா?" அதற்குப் பிறகு அவர் அந்தக் கல்லைத் தொடவில்லை. அம்மா கெஞ்சினாள், டாக்டர் திட்டினார். சர்க்கரை ஏறியது, காலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. எனக்கோ அலமாரியைத் திறக்கவே பிடிக்கவில்லை. அண்ணன் வாங்கிவந்த வளையல்கள் அதில் இருந்தன. அவற்றைப் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்தவள் நான். எனக்குக் கல்யாணமே வேண்டாம், அண்ணனை வரச் சொல்லுங்கள் என்று அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு அண்ணனின் போன் வந்தது. அவனோடு பேச நானும் போயிருந்தேன். அப்பா கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் தினமும் பயிற்சி செய்கிறீர்களா என்று அவன் முந்திக்கொண்டு கேட்டுவிட்டான் போலிருக்கிறது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ம், தெனமும் பண்றன்டா. உடம்பு நல்லா இருக்குது" என்றார். அங்கே ஒருவன் உட்கார்ந்த வேலை என்கிறான். இங்கே ஒருவர் தினமும் செய்கிறேன் என்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பொய்யி அண்ணா. நீ மூட்ட தூக்கறது தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா எதுவுமே பண்றதில்ல. காலுல புண்ணு வந்துருச்சு. எனக்கு ஒண்ணும் வேணாம், நீ வந்துரு."

அவன் சொன்னான், "அவர நிறுத்த வேணாம்னு சொல்லு பாப்பா. நான் வந்தர்றேன்."

சொன்னபடி வந்தான். ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் விட்டார்கள். பேருந்திலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, கிழவனைப் போல இறங்கினான். இனி கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். வந்த சில நாளில் அவனே டெக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஆரம்பிங்கப்பா" என்றான். அப்பா கல்லை எடுத்தார். வாத்தியாரோடு சேர்ந்து அண்ணன் உரக்க எண்ணினான். அப்பா கடைசிவரை அவன் பக்கம் திரும்பவில்லை. வியர்வையைத் துடைப்பதுபோலத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் விடவில்லை. காலில் இருந்த புண்ணும் ஆறியது. முன்பிருந்த சிரிப்பு மட்டும் அந்த அறைக்குத் திரும்பவில்லை. கடன் கட்டுவது போலத்தான் தூக்கினார்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் மண்டியில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தான். அவன் எங்களிடம் சொன்ன உட்கார்ந்த வேலை அப்படித்தான் அவனுக்குக் கிடைத்தது. அப்பா எண்பதைத் தாண்டி, கண்ணும் காலும் கெடாமல் வாழ்ந்தார். அவர் நிமிர்ந்து நடந்து வருவார், அவருக்குப் பின்னால் அண்ணன் வளைந்து வருவான். யார் அப்பா, யார் மகன் என்று புதியவர்கள் தடுமாறுவார்கள். நான் அப்படித் தடுமாறுபவர்களின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

அப்பா இறந்த அன்று, சுடுகாட்டில் நடந்ததை என் கணவர் வந்து சொன்னார். மூத்த மகன் நீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வர வேண்டும். பங்காளிகள், அண்ணனின் முதுகை நினைத்து, பாதிக் குடம் ஊற்றினால் போதும் என்றார்களாம். அவன் கேட்கவில்லையாம். விளிம்பு வரை ஊற்றச் சொல்லி, யாரையும் பிடிக்க விடாமல், மூன்று சுற்றும் தானே சுற்றி வந்தானாம்.

காரியமெல்லாம் முடிந்து, தரையில் விரித்த பாயில் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நான் தைலத்தைச் சூடாக்கிக் கொண்டுபோய் முதுகில் தேய்த்தேன். ரொம்ப வலித்ததா அண்ணா என்று கேட்டேன். அத்தனை வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காதது அது ஒன்றுதான்.

"தண்ணிதான பாப்பா" என்றான், கண்ணைத் திறக்காமல். "அதுல என்ன கனம் இருக்கப்போவுது."