பன்னீர் குடித்த கொம்பியூட்டர்

எண்பதுகள் முடியும் காலத்தில் கல்முனைக் கடைத்தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொம்பியூட்டர் வகுப்புப் போர்டுகள் தொங்கின. எல்லாவற்றிலும் சிங்கள வரி மட்டும் ஒரே வாசகம். எல்லாரும் சுபைறா ரீச்சரின் போர்டைப் பார்த்து எழுதியவர்கள்தான். அந்த வரியை அவளுக்கு எழுதிக் கொடுத்த ஆளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சவூதிக்குப் போய் வந்த மாப்பிள்ளைமார் டேப் ரெக்கோடர் கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். சுபைறாவின் புருஷன் றஸாக் எண்பத்தாறில் கொண்டுவந்ததோ டைப்ரைட்டரைத் தட்டையாக்கியதுபோல ஒரு சாமான். அதை டிவியோடு தொடுத்தால் கணக்குப் பார்க்கும், படம் வரையும். கணித ரீச்சரான சுபைறா, கூட வந்த புத்தகத்தைப் படித்து இரண்டு வரிக் கட்டளை எழுதினாள். திரை முழுக்க நட்சத்திரங்கள் நிரம்பி ஓடின. தான் சொன்னது ஒரு பெட்டிக்கு விளங்கிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இதைத் தான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அநியாயம் என்று பட்டது. ஊரில் சந்திக்குச் சந்தி ஆமிச் சிப்பாய்கள், தூர இடத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோருக்குப் பயம். அவள் இருந்தது உம்மா சீதனமாகக் கொடுத்த வீடு, ஆரிடமும் கேட்கவேண்டியதில்லை. முன் ஹோலிலேயே வகுப்பு என்று முடிவெடுத்தாள்.

நல்ல காரியம் தொடங்கினால் பாத்திஹா ஓதி, வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்கவேண்டும் அல்லவா? பன்னீர்ச் செம்பு வழக்கம்போல அவளுடைய மாமா ஆதம்பாவாவின் கையில். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிப்பது அவர் பழக்கம். அன்றைக்கு அங்கே மாப்பிள்ளை என்றால் மேசையில் இருந்த கொம்பியூட்டர்தான். தாராளமாகவே தெளித்துவிட்டார்.

திரையில் ஒரே எழுத்து தானாக ஓடத் தொடங்கியது.

"சுபுஹானல்லாஹ்! தன்ட பாட்டுல எழுதுது பாருங்க!" என்றார் ஆதம்பாவா. சனம் வாயைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது. "பறக்கத்து இல்லாத சாமான்கா இது," என்று தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அவள் அதைக் கழற்றி, எழுத்துக் கட்டைகளைக் கழுவித் துடைத்து, நெல் காயப்போடும் படங்கை முற்றத்தில் விரித்துப் பரப்பினாள். வயர்கள், பச்சைத் தகடு, திருகாணிகள் எல்லாம் வெயிலில் கிடந்தன. இப்படி ஒரு காட்சியை விரித்து வைக்க அதைவிட மோசமான நாள் கிடைத்திருக்காது. அன்றுதான் ஆமி தெருவைச் சுற்றி வளைத்தது.

படங்கைப் பார்த்ததும் துவக்குகள் உயர்ந்தன. "குண்டு செய்றதா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் அதிகாரி. றஸாக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. "சாமானும் இவரும் கேம்புக்கு வரணும்."

கேம்புக்குப் போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. சுபைறா புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், இது கொம்பியூட்டர். பூட்டிக் காட்டுறன். வேலை செய்யாட்டி கொண்டு போங்க."

"என்ன புள்ள கதைக்காய்?" என்று றஸாக் முணுமுணுத்தான். அவளுக்கும் தெரியாது. வேலை செய்யுமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஹோலில் வைத்து ஒவ்வொரு கட்டையாகப் பூட்டினாள். கிடுகு வேலிக்கு மேலால் அக்கம்பக்கத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன. சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே கிடந்தது. பிறகு மெல்ல நீலமானது. இரண்டு வரியைத் தட்டினாள்.

நட்சத்திரங்கள் ஓடின.

அதிகாரி துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "நிக்காதா?"

"நீங்க சென்னா நிக்கும் சேர். இதை அமத்துங்க."

ஒற்றை விரலால் அழுத்தினார். அத்தனையும் நின்றன. ஊரையே நிறுத்தி வைத்துப் பழகிய மனுஷன், தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"போர்ட் போடுங்க. என்ன இடம் என்று தெரியணும்," என்றார். கொம்பியூட்டர் வந்த மட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, சிங்களத்தில் ஒரு வரியைத் தானே எழுதிக் கொடுக்கும் அளவுக்கு மனம் இளகிப் போனார். வெறுங்கையோடு ஆமி வெளியே போவதைத் தெருவே பார்த்தது.

அடுத்த நாள் காலை வாசலில் செருப்புகளை வைக்க இடமில்லை. சுபைறா ஒவ்வொரு சோடியாகப் பார்த்தாள். நட்சத்திரங்களைப் பார்த்தபோதுகூட நெஞ்சு இப்படி நிறையவில்லை.

ஆதம்பாவா மட்டும் கேற்றடியில் பன்னீர்ச் செம்போடு நின்றார். "உள்ளுக்க வரமாட்டன் மகள். வாசல்ல மட்டும் தெளிச்சிட்டுப் போறன்."

"வாங்க மாமா, நீங்களும் ஒருக்கா அமத்திப் பாருங்க."

கிழவரின் கண் விரிந்தது. "நான் செல்றதையும் கேக்குமா?"

"ஓம் மாமா, கேக்கும். செம்பை அங்கயே வெச்சி, கையைத் துடைச்சிட்டு வாங்க."