சதக்கத்துல்லா பேசிய ஒரு வரி

துபாய் சத்வாவில் தையல் கடைகளுக்கு நடுவே உள்ள ஒரு துணிக்கடையில் சதக்கத்துல்லா முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை பார்க்கிறார். கீழக்கரைக்காரர். மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் ஊரில் மவுத்தாகிச் சில வருடங்களாகின்றன. ஒரே மகள் ஃபஸ்னா கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள்.

அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. துபாயில் எடுக்கிற விளம்பரங்களிலும் படங்களிலும் சின்ன வேடங்களில் நடிப்பார். ஒருமுறை, டாக்சி டிரைவராக நடிக்க வேண்டியவர் வராமல் போக, கடைக்குத் துணி வாங்க வந்த படக்காரர்கள் இவரைக் கூட்டிப் போனார்கள்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

"ஓட்ட வேணாம் பாய். ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு உக்காந்தாப் போதும்."

அதன் பிறகு வேடங்கள் வந்துகொண்டே இருந்தன. எந்த நாட்டுக்கும் பொருந்துகிற முகம் அவருக்கு. எகிப்திய டாக்டர், பெஷாவர் கசாப்புக் கடைக்காரர், மலையாளி மாமனார் என்று எல்லாமாகவும் நடித்தார். ஒரு படத்தில் பிணமாகவும் கிடந்தார். எதிலும் வசனம் இருக்காது.

சூப்பர் மார்க்கெட்டில் யாராவது நின்று உற்றுப் பார்ப்பார்கள். "ஒங்கள எங்கயோ பாத்திருக்கேன். தூத்துக்குடியில பேங்க்ல இருந்தீங்களா?" என்பார்கள். இல்லை என்றதும் போய்விடுவார்கள். ஒரு ஜூஸ் விளம்பரத்தில் பேரன் பேத்திகளோடு சிரிக்கிற தாத்தாவாக வந்தார். பஸ் ஸ்டாப்புக்கு மேலேயே அந்தப் படம் பெரிதாக நின்றது. அதன் அடியில்தான் தினமும் பஸ்ஸுக்கு நிற்பார். படத்தைப் பார்த்த ஒருவரும் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

போன வருடம், நடிகர்களை ஏற்பாடு செய்து தரும் தன்யா போன் செய்தாள். "அங்கிள், தமிழ் வெப் சீரிஸ். ஒங்களுக்கு டயலாக் இருக்கு."

வெளிநாடு போகிற மகளை ஏர்போர்ட்டில் வழியனுப்பும் அப்பா வேடம். "போய்ட்டு வாம்மா. போய்ச் சேந்ததும் பேசு." அவ்வளவுதான் வசனம். ஆனால் சதக்கத்துல்லாவுக்கு அது வாயில் வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

"சாதாரணமாச் சொல்லுங்க சார், ஒங்க பொண்ண அனுப்புற மாதிரி" என்றார் டைரக்டர்.

"நான் யாரையும் அனுப்புனதே இல்ல தம்பி. எப்பவும் என்னையத்தான் அனுப்புவாக."

மகளாக நடித்த ரக்ஷிதா கேட்டாள்: "அப்போ ஒங்ககிட்ட என்ன சொல்வாங்க அங்கிள்?"

அவர் யோசித்தார். லீவு முடிந்து ஊரிலிருந்து கிளம்பும்போது ஜன்னத்துல் எதுவும் சொல்லமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். ஃபஸ்னாதான் வாசல் வரை ஓடிவந்து, "சேந்ததும் பேசுங்க வாப்பா" என்பாள். அந்தச் சின்னப் பிள்ளை சொன்ன விதத்திலேயே வசனத்தைச் சொன்னார். ரக்ஷிதாவின் கண் கலங்கிவிட்டது. டைரக்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

கடையில் எல்லோரிடமும் சொன்னார். ஃபஸ்னாவிடமும் சொன்னார். சீரிஸ் வெளியான வெள்ளிக்கிழமை, ரூமில் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தார். உதடு அவருடையது. பேசியது வேறு யாரோ.

தன்யாவுக்குப் போன் போட்டார். "ஒங்க வாய்ஸ்ல ஏர்போர்ட் சத்தம் கலந்திருச்சாம் அங்கிள்" என்றாள். "சென்னையிலயே வேற ஆள வச்சு டப் பண்ணிட்டாங்க. ஆனா மூஞ்சி சூப்பரா வந்திருக்கு."

சாயங்காலம் ஃபஸ்னா கூப்பிட்டாள். "பாத்தேன் வாப்பா. அது நீங்க இல்லையே."

"நாந்தாம்மா. மீசைய எடுக்கச் சொல்லிட்டாக."

"மூஞ்சியச் சொல்லல. கொரலு. சின்னதுல இருந்து ஒங்கள எனக்குப் போன்லதானே தெரியும்? யாரோ பேசுறாக. பாதியிலயே நிறுத்திட்டேன்."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க எப்புடிப் பேசுனீக? சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நல்லா இருக்கு வாப்பா" என்றாள். உள்ளே குழந்தை அழுதது. "இருங்க, அப்புறமாப் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் தன்யா ஜட்ஜ் வேடத்துக்கு அழைத்தாள். "வசனம் இருக்கா?" என்று முதல்முறையாகக் கேட்டார்.

"இல்ல அங்கிள். தலைய ஆட்டுனாப் போதும்."

ஒத்துக்கொண்டார். கறுப்புக் கோட்டோடு உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்க வக்கீல்களும் பேசி முடித்ததும் தலையை ஆட்டினார். விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். அடுத்த ஷாட்டுக்கு லைட் மாற்றுகிறார்கள் என்று நினைத்து அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.