வெந்தயமும் நான் எழுதாமல் விட்ட நான்காவது வாரமும்

ஒன்றரை வருடத்துக்கு முன் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்து போன கதையை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்காக மூன்று வாரம் தினமும் பத்து கிலோமீட்டர் நடந்து பழகியதையும், காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம் சாப்பிட்டதையும் சொல்லியிருந்தேன். "மாத்திரை இல்லாமல் மூன்று வாரம், சர்க்கரை கட்டுக்குள்" என்று ஒரு வரி. நீங்கள் அதிகம் பகிர்ந்தது அந்த வரியைத்தான். அதற்காகத்தான் போன சனிக்கிழமை நிலக்கோட்டைப் பக்கம் போய் வந்தேன். இது சுற்றுலா இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு டீச்சர் எழுதியிருந்தார். மேரி டீச்சர் என்று வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றியிருக்கிறேன். மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கும் அவர் கணவர் சவரிமுத்து (அவர் பெயரும் மாற்றியதுதான்) என் கட்டுரையைப் படித்து மாத்திரையை நிறுத்திவிட்டாராம். இப்போது காலில் ஆறாத புண். "நான் சொன்னால் கேட்க மாட்டார். எழுதிய நீங்களே வந்து சொல்லுங்கள்."

திருச்சியில் காலை 6.10-க்கு பஸ், 8.25-க்கு திண்டுக்கல், 95 ரூபாய். எதிரிலேயே நிலக்கோட்டை பஸ் கிளம்ப நின்றது, 32 ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. அங்கிருந்து கிராமத்துக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"டீச்சரம்மா வீடா? அண்ணனப் பாக்கவா?" என்றார் ஆட்டோக்காரர். "எனக்கும் ஒரு டப்பா வெந்தயம் குடுத்தாருங்க. ஊருல பாதிப் பேருக்குக் குடுத்துருக்காரு. யாரோ பழனிக்கு நடந்து போனவரு எழுதுனதாம்."

அந்த யாரோ நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சவரிமுத்து கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க சார், செத்த நேரம் இப்பிடிக் காத்தோட்டமா உக்காருங்க" என்றவர், தலையணைக்கு அடியிலிருந்து என் கட்டுரையை எடுத்தார். பிரிண்ட் எடுத்து, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

"நீங்க மூணு வாரம்தான் சார். எனக்கு ஒம்பது மாசம். உங்கள ஜெயிச்சுட்டேன்."

அவர் வலது காலின் பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. புதுச் செருப்பு கடித்த புண்ணாம். வலி தெரியவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்கிறார். வலி தெரியாததுதான் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடனே வந்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்.

வெந்தயத்தை நான் குறை சொல்லவில்லை. அதிலிருக்கும் வழவழப்பான நார், சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைக் கொஞ்சம் மெதுவாக்கும் என்கிறார்கள். உணவோடு அளவாகச் சேர்க்கலாம். ஆனால் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், சில சமயம் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். எனக்கு அந்த மூன்று வாரம் சர்க்கரை ஏறாமல் இருந்ததற்குப் பெரும்பாலும் நடைதான் காரணம். வெந்தயத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நான்.

சொன்னேன். "நடக்குறத நிறுத்துனதும் சர்க்கரை ஏறிருச்சுங்க. நாலாவது வாரமே மாத்திரைக்குத் திரும்பிட்டேன். இன்னைக்கு வரைக்கும் போடுறேன்."

சிரிப்பு நின்றது. மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லச் சொன்னியா?"

"நான் எதுவும் சொல்லித் தரலங்க" என்றார் டீச்சர்.

"இவ அழுதாள்னு இம்புட்டுத் தூரம் வந்து பொய் சொல்றீங்களே சார்" என்று என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, வருத்தம்தான். "டீ பத்து ரூவா, லாட்ஜுல வாளி ஒடஞ்சிருந்துச்சுங்குறது வரைக்கும் எழுதுற ஆளு நீங்க. இது நெசம்னா எழுதியிருப்பீங்கல்ல?"

சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். இவளே வாங்கிக் கொடுத்திருப்பாள் என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் கெஞ்சினேன். அவர் எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

கிளம்பும்போது டீச்சர் வாசல் வரை வந்தார். "எழுதிருங்க சார். பிரிண்ட் எடுத்துக் குடுக்குறேன். நீங்க எழுதுனாத்தான் நம்புவாரு."

பழைய கட்டுரையின் தலையிலேயே திருத்தம் போட்டுவிட்டேன். அதனால் என்ன பயன்? என் பெயர் இல்லாமல் அந்த வரி மட்டும் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தத் திருத்தத்தை யாரும் பகிரப் போவதில்லை. நேற்று டீச்சர் அனுப்பிய படத்தில் அந்தக் கறுப்பு, பாதத்தின் பாதி வரை வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு.

வழக்கமாகக் கடைசியில் எழுதும் பயணக் குறிப்பு இந்த முறை ஒருவருக்கு மட்டும்.

சவரிமுத்து, பஸ்ஸில் போக வேண்டாம். என்னை அழைத்து வந்த ஆட்டோக்காரர் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரி வரை வர 900 ரூபாய் கேட்டார், கொடுத்துவிட்டேன். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவார். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதாமல் விட்டது இதுதான். பழனியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் 238. வெந்தயம் டம்ளரில் ஊறியபடி இருந்தது. தெருமுனை மருந்துக்கடை எட்டரைக்குத்தான் திறந்தது, வாசலிலேயே நின்றேன். பத்து மாத்திரை அட்டை பதினெட்டு ரூபாய். திரும்பும் வழியில் ஒரு டீ, சர்க்கரை இல்லாமல். பன்னிரண்டு ரூபாய்.