சீப்புக்காரனும் டிரில் சாரும்

மீசைக்கு மை தடவி முடியும்வரை ஜெயசிங் சார் எதிராளியைக் காக்க வைப்பார். எதிராளி டிவிக்குள் நிற்பவன், அவனுக்கும் அவசரமில்லை. மஞ்சள் முடி, எண்ணெய் பூசிய நெஞ்சு, ஊதா நிறக் கால்சட்டை. இடுப்பிலிருந்து சீப்பை உருவி, வகிடு எடுத்து, தன் புஜத்துக்குத் தானே ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் மணியடிக்க விடுவான். இந்தப் பக்கம் பிரம்பு நாற்காலியில் சார். வலது கையில் சின்ன பிரஷ், முன்னால் ஸ்டூலில் சாய்த்து வைத்த கைக்கண்ணாடி. இரண்டு பேரும் தயாராவதற்குள் வீட்டு நர்ஸ் கிளாரா மாத்திரைகளை எடுத்து வைத்து, படுக்கை விரிப்பையும் உதறிப் போட்டுவிடுவாள்.

"இவனுக்கு வேற ஒரு கேடும் இல்ல சிஸ்டர், மினுக்குதான்" என்பார் சார், வலது கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது மீசையை முறுக்கியபடி. "ஆம்பிளைன்னா இப்பிடியா நின்னு தலை சீவிட்டு நிப்பான்? வெக்கங்கெட்ட பய."

கிளாரா முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள். கண்ணாடி பார்க்கிற நோயாளி சாப்பிடவும் செய்வான், மருந்தும் குடிப்பான் என்பது அவள் கணக்கு. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் படுப்பவர்களிடம்தான் அவளுக்குப் பயம்.

கொட்டாரம் ஊரில் அவரை டிரில் சார் என்றால்தான் தெரியும். முப்பத்தொரு வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ, உள்ளே சொருகிய பனியன். பனியனுக்கும் இஸ்திரி போட்டாக வேண்டும். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஹெட்மாஸ்டர் அறை ஜன்னல் கண்ணாடியில் தன் நெஞ்சை ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார் என்று ஊரில் பேச்சு. ஓய்வுபெற்ற பின்னும் பஸ்ஸில் உட்கார மாட்டார். சுசீந்திரம் போய்வர நின்றுகொண்டே போவார். உட்கார்ந்தால் வயிறு தெரியுமாம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஆகஸ்டில் ஒரு காலை, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெள்ளையுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாய் கோணியதைக்கூட மறந்துவிட்டார், பார்க்க வந்தவர்கள் தலையைப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. பத்து நாளில் பேச்சு தெளிந்தது. ஒன்றரை மாதத்தில் கால் ஓரளவு வந்தது. இடது கை மட்டும் வரவில்லை, தோளிலிருந்து தொங்கியது. அதன்மேல் எந்நேரமும் ஒரு துவாலையை மடித்துப் போட்டுக்கொண்டார், இப்போதுதான் குளித்து வந்தவர் மாதிரி.

மகள் சஜிதாவுக்கு ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் சபையில், பெண்ணைக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அப்பாதான் நடத்தி வர வேண்டும். அப்பா இடது கையை மடித்து நெஞ்சோடு வைத்திருக்க, பெண் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். சபை முழுக்க எழுந்து நிற்கும். அந்த நடைக்கென்றே ஒரு கோட்டுத் துணியை நான்கு வருடம் முன்பே வாங்கி வைத்திருந்தவர் சார். கை மடங்காவிட்டால் தம்பி யோவான் நடத்தட்டும் என்று மனைவி ஜெயபாய் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"யோவானா? அவன் கோட்டு போட்டா பட்டன் பூட்டாது. எம் பொண்ணு ஒரு வயித்துக்குப் பின்னாலயா கோயிலுக்குள்ள வரணும்?"

"அப்போ நீங்க கையத் தூக்குங்க" என்றாள் ஜெயபாய். நாற்பது வருடமாகப் பனியனுக்கு இஸ்திரி போட்டவள், அவளுக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

ஷார்ஜாவிலிருக்கும் மகன் ஜாஸ்பர் அக்டோபரில் டிவியில் மாட்டி ஆடும் குத்துச்சண்டை விளையாட்டுப் பெட்டி ஒன்றை அனுப்பினான். இரண்டு கையிலும் ஒவ்வொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்தினால் டிவியில் இருக்கும் நம் ஆள் குத்துவான். எந்தக் கை எத்தனை குத்து விட்டது என்று கடைசியில் எண்ணிக்கையும் காட்டும். வாரம் இரண்டு நாள் வந்து கைக்குப் பயிற்சி கொடுக்கும் வைகுண்டராஜன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம் சார். ரப்பர் பந்த நசுக்கதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்.

மூன்று பாகமாக மூன்று வட்டு வந்திருந்தது. மற்ற சண்டைக்காரர்கள் பாகத்துக்குப் பாகம் மாறினார்கள், சீப்புக்காரன் மட்டும் மூன்றிலும் வந்தான். முதல் வட்டில் ஒல்லியாக இருந்தான். கன்னத்தில் ஒரு குத்து விழுந்தால் போதும், சண்டையை விட்டுவிட்டு முகத்தைத் தடவிப் பார்ப்பான். இரண்டாவதில் மீசை வைத்திருந்தான். மூன்றாவதில் அவனுக்கு இடுப்பில் சதை போட்டிருந்தது, முன்நெற்றி ஏறியிருந்தது. சீவுகிற நேரம் மட்டும் இரண்டு மடங்காகியிருந்தது.

"பயலுக்கு வயசாயிட்டு" என்றாள் கிளாரா, முதல்முறை அவனைப் பார்த்தபோது.

"யாருக்கு?" என்று சார் திரும்பினார். பிறகு டிவியைப் பார்த்தார். அன்று மத்தியானம் அவளோடு பேசவில்லை.

முதல் இரண்டு வட்டிலும் வலது கையை மட்டும் வைத்தே அவனை அடித்துவிட்டார். மூன்றாவதில் முடியவில்லை. அதில் சீப்புக்காரன் கையைக் கன்னத்திலிருந்து எடுப்பது ஒரே ஒரு சமயம்தான், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கும்போது. அப்போது திறக்கிற கன்னத்துக்கு நம் இடது கை குத்துதான் போய்ச் சேரும். சாருடைய இடது கை மடியில் துவாலைக்கடியில் கிடந்தது. தினமும் காலை பத்து மணிக்குச் சார் கீழே விழுவார், சீப்புக்காரன் அவர் தலைமாட்டில் நின்று தலை வாருவான்.

நவம்பர் நடுவில் சார் ஜெயிக்கத் தொடங்கினார். ஆள் பார்த்து நின்றால் தனக்குக் குத்து சரியாக வராது என்று அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டுவார். இடது கை: இருநூற்றுப் பன்னிரண்டு குத்து. மறுநாள் இருநூற்று நாற்பது. வைகுண்டராஜன் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். ஜெயபாய் யோவானைக் கூப்பிட்டு, நீ கோட்டு தைக்க வேண்டாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுக்களையில் போய்க் கண்ணைத் துடைத்தாள். சாருக்குத் தையற்காரர் வீட்டுக்கே வந்து அளவெடுத்தார்.

கிளாராவுக்கு மட்டும் அந்த எண்ணிக்கை உள்ளே இறங்கவில்லை. சாரைக் குளிப்பாட்டுகிறவள் அவள். இருநூற்று நாற்பது குத்து விட்ட கை சோப்பைப் பிடிக்கவில்லை. விரல்களைப் பிரித்துத்தான் உள்ளங்கையைக் கழுவ வேண்டியிருந்தது. ஒருநாள் குளிக்கும்போது இடது இடுப்பெலும்பின் மேல் தீப்பெட்டி அகலத்துக்குச் சிவந்திருந்ததைப் பார்த்தாள். படுக்கைப்புண் என்றுதான் முதலில் நினைத்தாள். பகலெல்லாம் நடமாடுகிறவருக்கு இடுப்பின் முன்பக்கம் எப்படிப் புண் வரும்?

மறுநாள் பத்தே காலுக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். சார் நாற்காலி நுனியில் இருந்தார். வலது கை காற்றில் நின்றது. இடது கை வழக்கம்போல் துவாலைக்கடியில். உடுத்தியிருந்த சாரத்தின் இடுப்புச் சுருட்டில் இடது ரிமோட் சொருகியிருந்தது. சார் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். டிவியில் சீப்புக்காரன் மல்லாந்து விழுந்தான்.

கிளாரா ஹார்லிக்ஸை ஸ்டூலில் வைத்தாள்.

"எத்தன நாளா இந்த ஆட்டம்?"

சார் ரிமோட்டை உருவப் பார்த்தார். சுருட்டு இறுகியிருந்ததால் ஒரு கையால் வரவில்லை. "கையிலதான் பிடிக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? அவன் நெத்தியத் தடவிட்டு நிக்கான், எனக்கு அடிக்கணும். கை வரல. வந்தத வச்சு அடிச்சேன்."

"கோயில்ல சஜிதா உங்க இடுப்பப் பிடிச்சிட்டா நடப்பா?"

சார் டிவியை அணைத்தார். அதற்கும் சரியான பொத்தான் கிடைக்காமல் இரண்டு முறை அழுத்தினார்.

"ஜெயபாய்ட்ட சொல்லப் போறியளா?"

"நான் ஒண்ணும் சொல்லல. வைகுண்டராஜன நீங்களே கூப்பிட்டுச் சொல்லணும். பழையபடி வாரத்துக்கு ரெண்டு நாள் வரணும். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் தெகையாது."

கூப்பிட்டார். "தம்பி, கை கொஞ்சம் பின்னால போயிட்டு, கேட்டியா" என்றார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து வராது என்று கிளாராவும் விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து கதவு திறந்தே கிடந்தது. கிளாரா அவருடைய இடது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ரிமோட்டின்மேல் மடக்கி, பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டுவாள். பிறகு முழங்கைக்கடியில் தன் கையைக் கொடுத்து, "ம், தூக்குங்க" என்பாள். தோள் முதலில் ஏறும், கை ஏறாது. அதற்குள் சீப்புக்காரன் முடியை ஒதுக்கிவிட்டுக் கையைக் கன்னத்துக்குத் திருப்பியிருப்பான். டிசம்பர் முழுக்கச் சார் தோற்றார். காலையில் மூன்று தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் கிளம்பிப் போகிறவன் மாதிரி நிதானமாகத் தலை வாரி முடிப்பதை இருந்து பார்க்க வேண்டும், அதைத் தாண்டிப் போக வழியில்லை.

"அவன் ஜெயிச்சா ஜெயிச்சிட்டுப் போவட்டு சிஸ்டர். எனக்குத் தள்ளல."

"எனக்கும்தான் தள்ளல. எம் முட்டு ரெண்டும் நீர் கோத்துக் கெடக்கு. தூக்குங்க."

"செவம், இவன் மொகத்தப் பாத்துப் பாத்து எனக்கு என் மொகமே மறந்து போச்சு."

"அது நல்லதாக்கும். தூக்குங்க."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முழங்கை தானாக மடங்கியது. புதுவருடத்தில் கை தொப்புள் உயரத்துக்கு வந்தது. வந்து, கிளாரா ஏழு எண்ணுகிறவரை நின்றது. எட்டில் விழுந்தது. வைகுண்டராஜன் சந்தோஷப்பட்டார், இந்த வயதில் இதுவே பெரிது என்றார். கிளாரா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்தக் கோயிலுக்குப் போய், வாசலிலிருந்து பீடம்வரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். நாற்பத்திரண்டு எட்டு வைக்க வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சஜிதா திருவனந்தபுரத்திலிருந்து விடுப்பில் வந்தாள். மறுநாள் காலை, ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று ஜெயபாய் சொன்னாள். முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கினார்கள். யோவான் கல்யாணத்துக்கு வாழைக்குலை சொல்லி வைத்துவிட்டு அந்த வழியாக வந்தவர், சங்கடத்தோடு கதவோரம் நின்றார். சார் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டார். கிளாரா இடது கையை மடித்து நெஞ்சருகே வைத்துவிட்டு விலகினாள். சஜிதா அதைப் பிடித்தாள்.

ஆறு எட்டு நன்றாகவே போனது. சாரின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஏழாவதில் கை இறங்கத் தொடங்கியது. சஜிதா, யாருக்கும் தெரியாதபடி, விரல்களால் அதைத் தாங்கப் பார்த்தாள். கனம் தாங்காமல் அவள் தோள் சாய்ந்தது. ஒன்பதாவதில் கை நழுவிக் கோட்டின் பக்கவாட்டில் விழுந்து ஆடியது.



"இஞ்ச பாருங்க" என்றாள் ஜெயபாய். "ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ. யோவான் நடக்கட்டு. நீங்க முன்வரிசையில இருங்க."

"அண்ணே, நீங்க சொன்னாதான்" என்றார் யோவான். "எனக்கு அப்பிடி ஒரு ஆசையும் இல்ல."

சார் தம்பியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கிளாராவுக்கு அந்த முகம் தெரியும். வார்டில் அதைப் பார்த்திருக்கிறாள், நோயாளி இனி முடியாது என்று சொல்வதற்கு முன்னால் வருவது. அவள் மாத்திரை டப்பாவை எடுக்கத் திரும்பினாள்.

"மக்களே" என்றார் சார், மகளிடம். "நீ உன் கைய மடக்கு."

"எந்தக் கைய?"

"என் பக்கத்துக் கைய."

சஜிதா ஒன்றும் விளங்காமல் வலது கையை மடித்து வைத்துக்கொண்டாள். சார் வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்தவர் பெட்டியைத் தூக்குகிறவர் மாதிரி அதைத் தூக்கி, தம்பியும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, மகளின் முழங்கை மடிப்பில் வைத்தார்.