கோட்டுப் போட்ட அப்பப்பா

ஜனவரி முதலாம் திகதி காலையில், புது நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அந்த ஆண்டின் இலக்குகளை எழுதுவது என் வழக்கம். சீனியைக் குறைப்பது, அலுமாரியை ஒழுங்குபடுத்துவது என்ற அளவிலேயே இருந்த என் இலக்குகள் இந்த ஆண்டு பெரிதாகிவிட்டன. குடும்ப வரலாற்றைத் தொகுத்து எழுதுவதென்று தீர்மானித்தேன். யார் எந்த ஊரில் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், எந்த இடப்பெயர்வில் எந்த வழியால் போனோம், எல்லாவற்றையும். முதல் வேலை, மாமியைக் கதைக்க வைப்பது.

மாமி என் அப்பாவின் தங்கை. அப்பா வழியில் அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர் அவர் மட்டும்தான். முரசுமோட்டையில் அண்ணா வீட்டில் இருக்கிறார். மார்கழியில் அவருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை நடந்தது. பல வருடம் மறுத்தவர் கடைசியில் சம்மதித்ததற்கு ஒரே காரணம், தன் அப்பாவின், அதாவது எங்கள் அப்பப்பாவின், முகத்தை ஒருமுறை வடிவாகப் பார்க்கவேண்டும் என்பது. நினைவிலிருந்து அது அழிந்துகொண்டே போகிறதாம்.

அந்த முகம் அண்ணா வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது எங்களிடம் ஒரு படமும் இருக்கவில்லை. ஒட்டுசுட்டானில், அம்மாவின் தங்கையைக் கட்டிய சித்தப்பா வீட்டில் மட்டும் மாமியின் கலியாணப் படம் ஒன்று தப்பியிருந்தது. அண்ணா அதை வாங்கிப்போய், கூட்டத்தில் நின்ற அப்பப்பாவின் தலையை ஸ்டூடியோவில் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். ஸ்டூடியோக்காரர் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் பொருத்திக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வன்னியில் பாதி மூதாதையர் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சுவரில் இருக்கிறார்கள்.

புத்தாண்டன்று நான் போனபோது, கண் கட்டெல்லாம் அவிழ்த்து, மாமி உற்சாகமாக இருந்தார். கதிரையைப் படத்தின் முன்னால் இழுத்துப் போட்டு, பேனையைத் திறந்து, உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ என்றேன். மாமி எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போனார். மாலையை விலக்கிப் பார்த்தார்.

"எடி பிள்ளை, உது ஆர்?"

"உங்கட அப்பாதானே, மாமி."

"இவர் என்ர கலியாணத்துக்குச் சமைக்க வந்தவரெல்லே," என்றார் மாமி. "கோட்டு எப்ப வாங்கினவர்?"

அண்ணா குசினிப் பக்கம் நழுவப் பார்த்தார். நான் விடவில்லை. நாங்கள் பிறக்க முதலே அப்பப்பா காலமாகிவிட்டார். அப்பாவும் அப்போது உயிரோடு இல்லை. ஆகவே அண்ணா, இருந்த முகங்களுக்குள் மரியாதையான ஒன்றைப் பார்த்து, இதுதான் என்று ஸ்டூடியோக்காரருக்குக் காட்டிவிட்டாராம். அப்போதே கண் மங்கியிருந்த மாமி, மீசை இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறார். இருக்கிறது என்றதும் அப்பாதான் என்று கும்பிட்டுவிட்டார்.

முதலில் சிரித்தது அண்ணிதான். "திவசத்துக்குத் திவசம் பாயாசம் காய்ச்சிப் படைச்சனான். மனுசன் ருசி பார்த்து என்ன நினைச்சாரோ."

அண்ணாவின் மகன் பிறந்த நாளில், 'அப்படியே அப்பப்பாவின் நெற்றி' என்று நான் நாட்குறிப்பில் எழுதியது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். அண்ணாவுக்கு விக்கல் எடுத்தது. அந்த மீசையைப் பார்த்துத்தானாம் அவர் தன் மீசையை வெட்டுகிறவர். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புதுக் கண்ணுக்கு ஆகாதென்று நாங்கள் அவரை அடக்கப் பார்த்தோம், எங்களையே எங்களால் அடக்க முடியவில்லை. படத்தைக் கழற்றவா என்று அண்ணா கேட்க, அந்த மனிதரின் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வரை இருக்கட்டும் என்றார் அண்ணி. அதையும் இலக்குகளில் சேர்த்தேன்.

சிரிப்பு ஓய்ந்ததும் மாமி கேட்டார்: "அப்ப, அப்பா எங்க?"

கலியாணப் படத்தை அப்போதே சித்தப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார் அண்ணா.

மறுநாள் மாமியும் நானும் பஸ் ஏறி ஒட்டுசுட்டானுக்குப் போனோம். அப்பப்பா அந்தப் படத்தில் நிற்காமலே விட்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு வழியெல்லாம் இருந்தது. சித்தப்பா பொலித்தீன் பைக்குள் இருந்து படத்தை எடுத்துக் கொடுத்தார். மாமி அதை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து, ஓரத்தில் நின்ற ஒருவரில் நின்றது. தலை கலைந்திருந்தது. பார்வை கமராவில் இல்லை. ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. மரியாதையான முகம் தேடுகிற எவரும் கடந்துபோகிற முகம்.

மாமி படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"வெத்திலையைத் துப்பிப்போட்டு வந்து நில்லுங்கோ அப்பா எண்டு மணவறையில இருந்து கத்தினனான். கேட்டாத்தானே."

அங்கிருந்து நேரே கிளிநொச்சிக்கு, ஸ்டூடியோவுக்கு. கணினியில் இருந்தவர் படத்தைப் பெரிதாக்கிவிட்டு, கன்னத்தைச் சமப்படுத்தி ஒரு கோட்டும் போட்டுத் தரலாம் என்று பணிவாகச் சொன்னார்.

"கோட்டும் வேண்டாம், தம்பி. கன்னத்தில கை வைக்காதேங்கோ," என்றார் மாமி.

திரும்பும் பஸ்ஸில் சட்டம் போட்ட படத்தை என்னிடம் தரமாட்டேன் என்றுவிட்டார். முகம் தன் பக்கமாகத் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார். ரிக்கற் கொடுக்க வந்த கொண்டக்டர் எட்டிப் பார்த்து, ஆர் அம்மா, பல்லுக்குத்தோ என்று கேட்டார்.

"என்ர அப்பா," என்றார் மாமி. "என்ர கலியாணத்தில நிண்டவர்."