இரண்டு டவரும் ஓர் அண்ணியும்

எங்கள் அண்ணிக்குத் தரையில் கால் பாவாது. கல்யாணமாகி வீட்டுக்கு வந்த முதல் நாளே மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, "இங்கேருந்து நம்ம டவர் தெரியுது, எல்லாரும் வாங்க!" என்று கத்தினார். அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. புதுப்பெண்ணைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நம்ம டவர்" என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வெளியூருக்குப் போன் பேசினால் அந்தப் பேச்சு மலைக்கு மலை காற்றிலேயே தாவிப் போன காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மலை உச்சியிலும் ஓர் இரும்பு டவர், அதில் அண்டா அண்டாவாக டிஷ்கள். ஒரு டவர் எறிவதை அடுத்த டவர் பிடித்து அதற்கடுத்ததற்கு எறியும். இந்த மலை டவரில் அண்ணிக்கு வேலை, எதிர் மலை டவரில் என் அண்ணனுக்கு. மெஷின் சரியாக இருக்கிறதா என்று இரண்டு பேரும் லைனில் மணிக்கணக்காகக் கேட்டுக்கொள்வார்கள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. இவர்கள்தான் சரியில்லாமல் போனார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவருக்கு ஜலதோஷம் என்றால் மற்றவருக்குக் குரலிலேயே தெரிந்துவிடுமாம்.

பிறகு பூமிக்கடியில் கேபிள் வந்தது. டவர்களைப் பூட்டிவிட்டார்கள். புறாக்கள் குடியேறின. இவர்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சின்ன டிஷ் மாட்டும் தொழில் ஆரம்பித்தார்கள். ஆலைக்கும் கிடங்குக்கும், கடைக்கும் ஆபீசுக்கும் காற்றிலேயே லைன் கொடுப்பது. ஒரு கூரையில் அண்ணி, இன்னொரு கூரையில் அண்ணன். ஒருவர் டிஷ்ஷைத் திருப்பும்போது மற்றவர் தன் டிஷ்ஷைத் தொடக் கூடாது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணன் ஓர் ஆலையில் ஓரத்து அலையைப் பிடித்துப் பூட்டும் வரை.

டிஷ்ஷிலிருந்து கிளம்பும் அலை நடுவில் பலமாகப் போகும். அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் விலகி மெலிந்த அலைகளும் போகும். மெலிந்ததைப் பிடித்தாலும் மீட்டரில் முள் ஏறும். அதைப் பார்த்து ஏமாந்து போல்ட்டை இறுக்கிவிட்டு வந்தால் வெயிலில் லைன் ஓடும், மழை வந்தால் படுத்துவிடும். அண்ணன் செய்தது அதுதான். முதல் மழையிலேயே ஆலைக்காரர் கூப்பிட்டுக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். அவர் காய்ச்சியதுகூடப் பரவாயில்லை. அவர் எதிரிலேயே அண்ணி, "ஒரு வார்த்தை கேக்காம பூட்டிட்டு வந்தா இப்படித்தான்!" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். "தம்பி, சாப்பாடு ஆறுதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்பார் அண்ணி. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அண்ணன், "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பார். நான் தையல் கடை வைத்திருப்பவன். எனக்குக் கடையில் வேலை இல்லையா?

இந்த லட்சணத்தில்தான் டவர்களை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அண்ணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் டவர் கம்பெனிக்கு ஓடினார். எதிர் மலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஓர் ஊர், அங்கே ஓர் ஆஸ்பத்திரி. மண் சரியும்போதெல்லாம் கேபிள் அறுந்து, எங்கள் ஊர்ப் பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வழியில்லாமல் அவர்கள் தவிப்பது அண்ணிக்குத் தெரியும். இரண்டு டவரிலும் புது டிஷ் மாட்டினால் எதிர் மலை வழியாக அந்த ஆஸ்பத்திரிக்கு அறுபடாத லைன் கொடுக்கலாம் என்பது அவர் வாதம். மேனேஜர் தலையைச் சொறிந்துவிட்டு, "வெட்டுறவர் வெள்ளிக்கிழமை வர்றார். அன்னிக்கு இருட்டுறதுக்குள்ள லைனை வர வச்சுக் காட்டுங்க, ரெண்டையும் விட்டுடறேன். இல்லேன்னா வெட்டச் சொல்லிடுவேன்" என்றார்.

வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு வந்தார் அண்ணி. "பழைய பாசமா அண்ணி?" என்று சீண்டினேன்.

"பாசமாவது மண்ணாவது. இரும்பு கிண்ணுனு நிக்குது. ரெண்டும் ஒண்ணையொண்ணு நேருக்கு நேர் பாக்குது. அங்க ஒரு ஆஸ்பத்திரி லைன் இல்லாம கெடக்கு. இதைப் போய் வெட்டுவாங்களா? உங்க அண்ணனை ஸ்பானரை எடுத்து வைக்கச் சொல்லுங்க."

"எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அண்ணன் எதிர் மலைக்குப் போய்விட்டார். அண்ணி இந்த டவரில் ஏறினார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவர் ஏறுகிற வேகத்தைப் பார்க்காமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டவே அண்ணியைக் கூப்பிடுகிறவன் நான். அதனால் கீழே மீட்டரையும், மூன்று பேருக்கும் ஆளுக்கொன்றாக இருந்த வாக்கி-டாக்கியில் ஒன்றையும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். முள் ஏறினால் ஏறுகிறது என்று சொல்ல வேண்டும், இறங்கினால் இறங்குகிறது. அவ்வளவுதான் என் உத்தியோகம். பக்கத்தில் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில், காஸ் சிலிண்டர் மேல் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி வெட்டுகிறவர். தன் வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று அவர் டவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறாக் கூடுகளை ஒதுக்கி, துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி, டிஷ்ஷை மாட்டி முடிக்கவே மதியம் தாண்டிவிட்டது. அண்ணி தன் டிஷ்ஷை எதிர் மலைக்கு நேராக வைத்துவிட்டுக் கையை எடுத்தார். இனி அண்ணன் திருப்ப வேண்டும். பள்ளத்தாக்கின் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முள் அசையவே இல்லை. நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அது ஒரு துள்ளுத் துள்ளியது.

"ஏறுதுண்ணா! ஏறுது, ஏறுது, நின்னுடுச்சு!"

மேனேஜர் குனிந்து பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு. "வந்துடுச்சே! போதும்மா, லைன் கெடைச்சுடுச்சு. நான் ஒத்துக்கிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலேயிருந்து அண்ணியின் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "தம்பி, முள் எங்க நிக்குது?"

"பாதிக்குக் கொஞ்சம் கீழே அண்ணி."

"இந்தத் தூரத்துக்கு இவ்வளவுதானா வரும்? இது இல்ல." பிறகு என்னைத் தாண்டி, நேராக அண்ணனிடமே பேசினார். "ஏங்க, பூட்டாதீங்க. இது ஓரத்து அலை. விட்டுட்டுத் தாண்டிப் போங்க."

"அவரே போதும்னுட்டார்" என்றார் அண்ணன்.

"அவருக்குப் போதும். அங்க ஒரு உசுரு ஊசலாடுறப்போ மழை பெஞ்சு லைன் போனா யார் பதில் சொல்றது?"

மேனேஜரின் சிரிப்பு மறைந்தது. "நான் சரின்னு சொல்லியும் நீங்கதான் வேணாங்கிறீங்க. இப்ப போச்சுன்னா போனதுதான். நாளைக்கு வந்து நிக்கக் கூடாது." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானே கெஞ்சினேன். "அண்ணி, கைக்கு வந்ததை விட்டுடாதீங்க."

"நீங்க மீட்டரைப் பாருங்க தம்பி."

அண்ணன் போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்கிவிட்டால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. டவர் பிழைத்துவிடும், அண்ணியின் பேச்சும் தோற்றுவிடும். நான் அண்ணனாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அண்ணன்.

"உங்க இடது கைப்பக்கம்."

முள் இறங்கியது. இறங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணன் திருப்பிக்கொண்டே போனார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. வெட்டுகிறவர் எழுந்து சிலிண்டரை நிமிர்த்தி வைத்தார். மேனேஜர் மேற்கே பார்த்தார். சூரியன் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல திரும்பாது. போல்ட்டு முட்டுது" என்றார் அண்ணன்.

அண்ணியின் குரல் கம்மிவிட்டது. "அப்போ நான் சொன்ன பக்கம் தப்பு. வந்த வழியே திரும்பி, பழைய இடத்தையும் தாண்டி வலது பக்கம் போங்க. மெதுவா."

இப்போது அண்ணன் அண்ணியை ஒரு பிடி பிடிப்பார் என்று நினைத்தேன். ஆலைக்காரர் முன்னால் கேட்டதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வருமா?

"மெதுவாவே போறேன். அங்க காத்து ஏறுது, நீ கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றார் அவர்.

முள் எழுந்தது. பழைய இடத்துக்கு வந்தது. "பாதிண்ணா!" என்று கத்தினேன். அவர் நிறுத்தவில்லை. மறுபடி இறங்கியது, அடியைத் தொட்டது. தொட்ட முள் அங்கே நிற்காமல் ஏற ஆரம்பித்தது. பாதி. பாதியைத் தாண்டி. முக்கால். "ஏறுது! இன்னும் ஏறுது! அண்ணா, இன்னும்!" என்று நான் போட்ட கூச்சலில் வெட்டுகிறவர் ஓடி வந்து என் தோள் மேல் சாய்ந்து பார்த்தார். "ஏறுதுப்பா, ஏறுது!" என்று அவரும் சேர்ந்து கத்தினார். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது.

"நீ சொல்லு, பூட்டட்டுமா?" என்றார் அண்ணன்.

"பூட்டுங்க! இறுக்கிப் பூட்டுங்க!"

மேனேஜர் மீட்டரைப் பார்த்தார். மழைத்துளி விழ ஆரம்பித்திருந்தது. அதில் நனைந்துகொண்டே பார்த்தார். பெரிதாகவே பெய்தது. முள் ஒரு நூல்கூட அசையவில்லை. அவர் சிலிண்டரைக் காட்டி, எடுத்துக்கொண்டு போகலாம் என்று கையசைத்தார்.

மேலேயிருந்து அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். "தம்பி, என்ன சொல்றார்? விட்டாரா, வெட்டச் சொல்றாரா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" நான் பொத்தானை அழுத்தாமலே, "விட்டுட்டார் அண்ணி!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

வெட்டுகிறவர் என் கையிலிருந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். "நிக்குதும்மா! ரெண்டும் நிக்குது! வெட்டுறவன் சொல்றேன், பத்திரமா இறங்கி வா!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து கரகரவென்ற சத்தம் மட்டும்தான் வந்தது. ஒருவர் பேசினால் மற்றவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். வாழ்நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்த இரண்டு பேரும் இரண்டு மலையில் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினார்கள். எங்களுக்கும் கேட்கவில்லை, அவர்களுக்கும் கேட்டிருக்காது. மழை வலுத்தது. வெட்டுகிறவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு பேரும் விரலை எடுக்கவே இல்லை.